மூக்குப் பட்டாணி

எபி,
லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக்
கம்பெனிக் கடிதம் வந்த மறுநாள்
பட்டாணி ஊன்றினேன்.

கணக்குத் தெரியாமல் இல்லை.
பட்டாணிக்கு எண்பது நாள்.
கடிதத்தில் தொண்ணூறு.
மலையாளத்தில் இருந்ததை ரெஜினா மகள்தான்
வாசித்துச் சொன்னாள்.
நடுவில் ஒரு இடத்தில் என் பெயரைத்
தப்பாக எழுதியிருக்கிறார்களாம்.
முப்பத்தாறு வருசக் கொளுந்துக்கு
அது போதும் என்று மடித்துப்
பைபிளுக்குள் வைத்துவிட்டேன்.

உனக்குத் தெரியுமே அந்த இடம்,
வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவே
ரெண்டு பேர் படுக்கிற அகலம்.
அப்பா சேவல் கட்டினது,
நீ கோலிக்குழி தோண்டினது,
எல்லாம் அதிலேதான்.
கவாத்துக் காட்டிலிருந்து
தேயிலை மிலாறு ஒரு கட்டு கொண்டுவந்து
வரிசையாகக் குத்திவைத்தேன்.
கொடி ராத்திரியில்தான் கை நீட்டுகிறது போல.
சாயங்காலம் சும்மா நின்றது
காலையில் மிலாற்றை ரெண்டு சுற்று சுற்றியிருக்கும்.

ஜனவரியில் குண்டளைப் பக்கம்
புல்லெல்லாம் உப்புக் கொட்டினது மாதிரி வெளுத்தது.
யூரியாச் சாக்கைப் பிரித்துப் போர்த்தினேன்.
பத்தாததற்கு என் கல்யாணச் சேலை.
சிரிக்காதே.
அதை வேறு எதற்கு வைத்திருக்கிறேன்.

பூ வந்த அன்றைக்கு
உன் மூக்கு ஞாபகம் வந்தது.

நாலு வயசு உனக்கு.
அம்மா உரித்த முறத்தில்
ஒன்று குறைந்ததை யார் கண்டது?
மூன்றாம் நாள் வீங்கி, மணம் அடித்து,
அப்பா உன்னைத் தோளில் போட்டு
மழையோடு ஆஸ்பத்திரிக்கு ஓட,
நான் குடை பிடித்துப் பின்னால் ஓடி,
குடை எனக்குத்தான் பயன்பட்டது.

குரியன் கம்பவுண்டர் உன் ஒரு மூக்கை அடைத்து
"சீற்று மோனே, சீற்று" என்றார்.
அப்பாவுக்கு மலையாளம்
சம்பள நாள் அளவுக்குத்தான்.
ஆபீசில் வாங்கின சீட்டை எடுத்து நீட்டினார்.
"சீற்றடா!"
"இதுதான் சார் சீட்டு."
"சீற்றான் பற!"
அப்பா சீட்டை விரித்துத் தடவி,
கையெழுத்தைக் காட்டி, கும்பிட்டு...
நீ சிரித்தாய் பார் ஒரு சிரிப்பு,
கம்பவுண்டர் வெள்ளைச் சட்டையில் போய் விழுந்தது
பட்டாணி.
இரண்டாய் வெடித்து, ஒரு வெள்ளை முளையோடு.

அம்மா அதைப் பால்டின்னில் ஊன்றினாள்.
வளர்ந்தது என்பாய் நீ.
இல்லவே இல்லை என்பேன் நான்.
அந்தச் சண்டையோடு நிறுத்தியிருக்கலாம்.
போடியில் அந்த ரெண்டு சென்ட்டுக்கு நாம் போட்டதில்
ஆறு வருசம் போய்விட்டது.
உன் நம்பர் என்னிடம் இருக்கிறது.
மாறியிருக்காது என்று நினைக்கிறேன்.

நேற்று முதல் பறிப்பு.
மடி நிறையத் தோடு,
உரித்தால் ஒரு டம்ளர்.
பாதியைப் பச்சையாகவே தின்றுவிட்டேன்,
நின்றுகொண்டே.

வீடு பார்க்க அவள் வந்தாள்.
சீதாமுனியாம், ஜார்கண்ட்.
எனக்கு அப்புறம் அவளுக்குத்தான் எழுதியிருக்கிறார்கள்.
அடுப்பைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை.
கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
"மட்டர்" என்றாள்.
"பட்டாணி" என்றேன்.
"மட்டர்" என்றாள் மறுபடி,
நான்தான் தப்பாகச் சொல்கிறேன் என்கிற மாதிரி.

நாலு தோடு முற்றட்டும் என்று
கொடியிலேயே விட்டிருக்கிறேன், விதைக்கு.
அதை அவளுக்குச் சொல்ல
என்னிடம் பாஷை இல்லை.
கயிறு கட்டிவைத்தேன், பறிக்காமல் இருக்க.
புரிந்திருக்கும்.

இடுப்பில் பையன். நாலு வயசு இருக்கும்.
அவன் கையில் ஒரு மணி கொடுத்துவிட்டு
என் மூக்கைத் தொட்டுக் காட்டி
கூடாது, கூடாது என்று தலையை ஆட்டினேன்.

எனக்குச் சளி என்று நினைத்துவிட்டாள் எபி.
தன் முந்தானையை நீட்டுகிறாள்.